வெளிநாட்டில் ஒப்டோமெட்ரி படிக்க அரச கடன்: வன்னிக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பார்வையை அளந்து கண்ணாடி எழுதுவதும், கண்நோயின் முதல் அறிகுறியைக் கண்டு வைத்தியரிடம் அனுப்புவதும் ஒப்டோமெட்ரி துறையின் வேலை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் இதைப் படிக்கும்போது, செலவில் பெரும்பகுதி அந்தந்த நாட்டு அரசின் கடனாகவே வருகிறது. படிப்பு அங்கே நடக்கிறது. கவலை மட்டும் வட்ஸ்அப்பில் கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் புதுக்குடியிருப்புக்கும் வந்து இறங்குகிறது. அம்மாவும் அப்பாவும், சில வேளைகளில் அவர்களை விட அதிகமாகக் கவலைப்படும் பெரியம்மாவும் மாமாவும் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஆண்டு குறிப்பிடாத தொகைகள் 2025–26 நிலவரப்படியானவை.

அரச கடன் என்றால் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. வீட்டில் நடக்கும் குழப்பத்தில் பாதி இந்த எண்ணத்தால் வருவது. ஒரு வகைக் கடனைப் பணமாகத் திருப்பிக் கட்ட வேண்டும். பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் மாணவர் கடன்கள் இந்த வகை. மற்ற வகையை உழைப்பால் திருப்பிக் கொடுக்க வேண்டும்: படிப்பு முடிந்ததும் பணம் தந்த மாநிலத்துக்குள்ளேயே இத்தனை ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். செய்யத் தவறினால் அதுவும் பணக் கடனாக மாறிவிடும். இந்த இரண்டாவது வகை பெரும்பாலும் அமெரிக்க மாநிலங்களில் உண்டு. பிள்ளை கையெழுத்திட்ட ஒப்பந்தம் இவற்றில் எது என்று தெரிந்துகொண்ட பிறகு மற்றக் கேள்விகளுக்கு வாருங்கள்.

உழைப்பால் கழிக்கும் கடன் எப்படி நடக்கிறது?

கன்சாஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒப்டோமெட்ரிக் கல்லூரி ஒன்றுகூட இல்லை. ஆனால் கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள சிறு ஊர்களிலும் கண் பார்க்க ஆள் வேண்டும். ஆகவே தன் மாநிலத்துப் பிள்ளைகள் வேறு மாநிலக் கல்லூரிகளில் படிக்க அரசு உதவித்தொகை கொடுக்கிறது. உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு வீதம் கன்சாஸுக்குத் திரும்பி முழுநேரமாக வேலை செய்ய வேண்டும். நான்கு ஆண்டுகள் வாங்கியவருக்கு நான்கு ஆண்டுகள். திரும்பாவிட்டால் வாங்கியதை வட்டியோடு கட்ட வேண்டும்.

அமெரிக்க மேற்கு மாநிலங்கள் கூடி நடத்தும் மாணவர் பரிமாற்றத் திட்டத்திலும் ஒப்டோமெட்ரி உண்டு. அதில் சில மாநிலங்கள் திரும்பி வந்து வேலை செய்வதை நிபந்தனையாக வைக்கின்றன. நிபந்தனை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதால், அரிசோனாவில் இருக்கும் மச்சாள் சொன்னதை வைத்துக் கன்சாஸ் ஒப்பந்தத்துக்குப் பொருள் சொல்லக் கூடாது.

இந்த ஏற்பாடு எனக்குப் பிழையாகத் தெரியவில்லை. எங்கள் பகுதியிலும் ஒரு துறைக்கு ஆள் இல்லை என்றால், படிப்பித்து அனுப்பியவர் திரும்பி வர வேண்டும் என்றுதானே நாமும் எதிர்பார்ப்போம்?

அப்படியானால், படித்துவிட்டுக் கிளிநொச்சிக்கு வந்து ஏழைகளுக்குக் கண் பார்த்தால் அந்தக் கடன் கழியாதா? அதுவும் சேவைதானே?

சேவைதான், ஆனால் கழியாது. ஒப்பந்தம் மாநிலத்தின் எல்லையைச் சொல்கிறது. தேவையின் அளவைச் சொல்லவில்லை. முல்லைத்தீவில் ஒரு பாடசாலைப் பிள்ளைகள் முழுவதற்கும் இலவசமாகப் பார்வை பரிசோதித்தாலும், பணம் தந்த மாநிலத்தின் கணக்கில் அது பூச்சியம். விடுமுறையில் வந்து கண் முகாம் நடத்துவதற்குத் தடை ஏதும் இல்லை. கடனைக் கழிக்கும் வேலை தனி, ஊருக்கு மனமுவந்து செய்வது தனி.

நிரந்தரமாக ஊருக்குத் திரும்பும் எண்ணம் உண்மையில் இருக்கும் பிள்ளை, இந்த வகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். படிப்பு நான்கு, கட்டாய வேலை நான்கு என்றால் எட்டு ஆண்டுகள் போய்விடும். அதற்குள் அங்கே கல்யாணம், பிள்ளை, வீட்டுக் கடன் என்று வேர் ஓடிவிடும். பிறகு ஊர் திரும்புவது பேச்சளவில்தான்.

இங்கே உயர்தரம் முடித்து மாணவர் விசாவில் போகும் பிள்ளைக்கு இந்தக் கடன் கிடைக்குமா? முகவர் கிடைக்கும் என்கிறார்.

கிடைக்காது. கனடாவில் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடம் உள்ளவருக்கும், அகதியாகப் பாதுகாப்புப் பெற்றவருக்கும்தான் அரச மாணவர் கடன். அவுஸ்திரேலியாவின் கல்விக் கட்டணக் கடன் முக்கியமாகக் குடிமக்களுக்கும் நிரந்தர மனிதாபிமான விசா உள்ளவர்களுக்கும் உரியது. இங்கிலாந்தில் குடியுரிமையோ நிலையான வதிவிட உரிமையோ இருந்தாலும், பொதுவாகப் படிப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்துப் பெற்றவருக்கு அந்த மூன்றாண்டு விதி பொருந்தாது. மாணவர் விசாவில் போகிறவர் இவற்றில் எதிலும் அடங்கமாட்டார். அவர் கட்ட வேண்டியது வெளிநாட்டு மாணவர் கட்டணம், அதையும் சொந்தப் பணத்தில்.

‘அங்கே போனதும் அரசாங்கம் லோன் தரும்’ என்று சொல்லும் முகவரிடம் அதை எழுத்தில் கேளுங்கள். அவர் தேநீர் வாங்கித் தருவார், எழுத்துத் தரமாட்டார்.

கடனுக்குப் பிணையாகக் காணி உறுதி வேண்டும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

வேண்டாம். இங்கிலாந்து, கனடா, அவுஸ்திரேலியா நாடுகளின் அரச மாணவர் கடனுக்குக் காணியும் தேவையில்லை, பிணையாளியும் தேவையில்லை. வவுனியாவில் இருக்கும் தகப்பனின் கையெழுத்தை அந்த நாடுகள் பிணைக்காகக் கேட்பதில்லை. யாராவது உறுதி கேட்டால், அது தனியார் வங்கிக் கடனாக இருக்கும், அல்லது வட்டிக்குக் கொடுப்பவரின் கடனாக இருக்கும், அல்லது ஏமாற்று.

இன்னொன்றும் உண்டு. வன்னியில் பல குடும்பங்களிடம் இருப்பது உறுதிக் காணி அல்ல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் காணி. அதைப் பிரதேச செயலகத்தின் அனுமதியில்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. பெர்மிட்டைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு பணம் கொடுப்பவர் சட்டப்படி எதையும் ஈடு பிடிக்கவில்லை. உங்கள் பயத்தைத்தான் பிடித்து வைத்திருக்கிறார். காகிதம் தொலைந்தால் அலைவது நீங்கள்.

இங்கிலாந்தில் எப்போது, எவ்வளவு கட்ட வேண்டும்?

படிப்பு முடிந்த அல்லது விட்ட பிறகு வரும் ஏப்ரல் மாதத்திலிருந்து கட்ட வேண்டும். அதுவும் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான். 2023 ஓகஸ்ட் முதல் படிப்பைத் தொடங்கியவர்களுக்கு அந்த வரம்பு ஆண்டுக்கு 25,000 பவுண். வரம்புக்கு மேலே உள்ள பகுதியில் 9 சதவீதம் பிடிப்பார்கள். 35,000 பவுண் சம்பளம் வாங்குபவரின் கணக்கைப் பாருங்கள்: மேலே நிற்பது 10,000, அதில் 9 சதவீதம் 900, மாதத்துக்கு 75 பவுண். வேலை போனால் பிடிப்பும் நிற்கும். 40 ஆண்டுகள் முடியும்போது மீதி எவ்வளவு இருந்தாலும் தள்ளுபடி.

அவர் எந்த வங்கிக்கும் போய் வரிசையில் நிற்பதில்லை. சம்பளச் சிட்டையில் வருமான வரி, தேசிய காப்புறுதி ஆகிய பிடிப்புகளோடு மாணவர் கடன் என்று இன்னொரு பிடிப்பும் எழுதியிருக்கும். முதலாளியே பிடித்து வரித் திணைக்களத்துக்கு அனுப்பிவிடுவார். ‘மகன் மாதாமாதம் கட்டுகிறானா?’ என்று போனில் விசாரிக்கும் தகப்பன்மார் அந்தச் சிட்டையின் படத்தை ஒருமுறை கேட்டுப் பார்த்தால் போதும், நெஞ்சு ஆறும்.

ஒப்டோமெட்ரி மாணவர்களுக்கு ஒரு சிறிய ஏமாற்றமும் உண்டு. பிரித்தானியச் சுகாதாரத் துறை தாதியர், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் போன்ற படிப்புகளுக்கு ஆண்டுதோறும் திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவித்தொகை தருகிறது. கண் தசைகளின் குறைபாட்டைப் பார்க்கும் ஓர்த்தொப்டிக்ஸ் அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஒப்டோமெட்ரி இல்லை. இரண்டும் கண் படிப்புத்தானே என்று நினைத்து விண்ணப்பித்து ஏமாறாதீர்கள்.

மகளுக்குப் பேசியிருக்கும் லண்டன் மாப்பிள்ளை ஒப்டோமெட்ரிஸ்ட். அவருக்கு அறுபதினாயிரம் பவுண் படிப்புக் கடன் இருக்கிறதாம். பேச்சை நிறுத்தலாமா?

சாதகம் பார்த்துப் பத்துப் பொருத்தமும் சரிவந்த இடத்தைக் கடிதத்தில் உள்ள ஒரு தொகைக்காக நிறுத்த வேண்டாம். அந்தத் தொகையை இங்கே வங்கியில் எடுத்த கடனைப் போலப் பார்க்கக் கூடாது. மாப்பிள்ளை 2023 ஓகஸ்டுக்கு முன் படிக்கத் தொடங்கியிருந்தால் பழைய திட்டத்தில் இருப்பார். அதன் வரம்பு 28,470 பவுண், தள்ளுபடிக் காலம் 30 ஆண்டுகள். 35,000 பவுண் சம்பளத்தில் மாதம் 49 பவுணுக்குக் கிட்டப் போகும். கடன் அறுபதினாயிரமாக இருந்தாலும் முப்பதினாயிரமாக இருந்தாலும் மாதப் பிடிப்பு ஒன்றுதான், ஏனென்றால் பிடிப்பு சம்பளத்தைப் பார்க்கிறது, கடன் மீதியைப் பார்ப்பதில்லை.

வட்டி ஏறுவதால் ஆண்டுக் கடிதத்தில் மீதி குறையாமல் கூடிக்கொண்டு போவதும் உண்டு. சம்பந்தி வீட்டார் அந்தக் கடிதத்தைப் பார்த்தால் மயக்கமே வரலாம். ஆனால் மனைவியின் சம்பளத்தில் ஒரு சதமும் பிடிக்கமாட்டார்கள். சீதனம் கேட்டு அந்தக் கடனை அடைக்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால், அப்போது பேச்சை நிறுத்துவதைப் பற்றி யோசியுங்கள்.

மாப்பிள்ளை கனடா என்றால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே கட்ட முடியாதவருக்குத் தரும் சலுகையை முடிவு செய்யும்போது கணவன் மனைவி இருவரின் வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

கனடாவில் எப்படி?

கனடாவில் ஒப்டோமெட்ரி படிக்க இரண்டே இடங்கள்: ஆங்கிலத்தில் வாட்டர்லூ பல்கலைக்கழகம், பிரெஞ்சில் மொன்றியல் பல்கலைக்கழகம். நம்மவர்கள் அதிகம் வாழும் ஒன்ராறியோவில் மத்திய அரசின் கடனும் மாகாண அரசின் கடனும் ஒரே கணக்காகச் சேர்ந்து வரும். மத்திய அரசின் பங்குக்கு 2023 ஏப்ரல் 1 முதல் வட்டி இல்லை. மாகாணப் பங்குக்கு வட்டி உண்டு. படிப்பு முடிந்து ஆறு மாதங்களுக்குக் கட்டத் தேவையில்லை, ஆனால் அந்த ஆறு மாதத்திலும் மாகாணப் பங்குக்கு வட்டி ஓடும். பிறகு வழக்கமாக ஒன்பதரை ஆண்டுகளில் கட்டி முடிக்க வேண்டும்.

தனி ஆளின் ஆண்டு வருமானம் 40,000 டொலருக்குக் கீழே இருந்தால், சலுகைக்கு விண்ணப்பித்துத் தவணையைப் பூச்சியமாக்கலாம். விண்ணப்பித்தால்தான் கிடைக்கும், தானாக வராது. கிராமப்புறங்களில் வேலை செய்யும் வைத்தியர், தாதியருக்கு மத்திய கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும் திட்டம் உண்டு. அதை வேறு பல தொழில்களுக்கும் விரிப்பதாக 2024 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தபோது பல்வைத்தியரும் மருந்தாளரும் உள்ளே வந்தார்கள், ஒப்டோமெட்ரிஸ்ட் வரவில்லை. கண் எப்போதும் கடைசி வரிசையில்தான்.

அவுஸ்திரேலியாவில்?

இங்கிலாந்தைப் போல அங்கும் சம்பளத்தைப் பார்த்து வரித் திணைக்களமே பிடிக்கும். 67,000 டொலருக்கு மேலே உள்ள பகுதியில் முதலில் 15 சதவீதம். 80,000 டொலர் உழைப்பவர் ஆண்டுக்கு 1,950 டொலர் கட்டுவார். 2025 ஜூன் 1 அன்று இருந்த கடன் மீதியில் 20 சதவீதத்தை அரசு வெட்டிவிட்டது. வழக்கமான வட்டி கிடையாது, ஆனால் ஒவ்வொரு ஜூன் 1 அன்றும் விலைவாசியை ஒட்டி மீதியைக் கூட்டுவார்கள்.

அமெரிக்க மத்திய அரசின் கடனும் வேலை நிபந்தனை உள்ளதா?

இல்லை, அது பணமாகக் கட்டுவது. அரச அல்லது இலாபநோக்கற்ற நிறுவனத்தில் முழுநேரமாக வேலை செய்துகொண்டே 120 மாதத் தவணை கட்டியவருக்கு மீதியைத் தள்ளுபடி செய்யும் வழி ஒன்று இருக்கிறது. தனியார் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவருக்கு அது பொருந்தாது. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் எடுக்கும் ஒப்டோமெட்ரி மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 டொலர், மொத்தம் 200,000 டொலர் என்று உச்சவரம்பு வருகிறது. மேலதிகமாகத் தேவைப்படுவோர் தனியார் கடனுக்குப் போவார்கள். தனியார் கடனுக்குத்தான் அங்கே இருக்கும் மாமாவைக் கூட்டுக் கையெழுத்துக்குக் கூப்பிடுவார்கள். மாமா போடும் கையெழுத்து சாட்சிக் கையெழுத்து அல்ல. பிள்ளை கட்டாவிட்டால் அவர் கட்ட வேண்டும்.

ஊருக்கு வந்துவிட்டால் யார் தேடி வரப் போகிறார்கள்?

இந்தக் கேள்வியை எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். ஆள் தேடி ஓமந்தைக்கு யாரும் வரமாட்டார்கள். கடன் மட்டும் அங்கேயே காத்திருக்கும்.

பிரித்தானியாவை விட்டு மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருப்பவர் கடன் நிறுவனத்துக்கு அறிவித்து, தன் வருமானத்தைக் காட்ட வேண்டும். போய் இருக்கும் நாட்டின் விலைவாசியைப் பார்த்து வரம்பை மாற்றுவார்கள். இலங்கைக்கு அந்த வரம்பு இங்கிலாந்தை விடக் குறைவு. ஆகவே இங்கே சம்பளம் சிறியது, கட்டத் தேவை வராது என்று தாமாக முடிவு செய்யக் கூடாது. விபரம் தராதவர்களுக்கு அவர்களாகவே ஒரு மாதத் தொகையை விதிப்பார்கள்; அது உண்மையான வருமானத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் ஏறி நிற்கும்.

அவுஸ்திரேலியாவிலிருந்து 183 நாட்களுக்கு மேல் வெளியே போகிறவர், புறப்பட்டு ஏழு நாட்களுக்குள் வரித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். பிறகு உலகில் எங்கே உழைத்தாலும் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும்.

கனடாதான் இதில் கடினம். மேலே சொன்ன சலுகை பொதுவாகக் கனடாவில் வாழ்பவர்களுக்கே. ஊரில் வந்து ரூபாயில் சம்பளம் வாங்குபவரும் டொலரில் முழுத் தவணை கட்ட வேண்டி வரும். 270 நாட்கள் தவறினால் கடன் மத்திய வரி முகவரகத்தின் வசூலுக்குப் போய்விடும், வரி மீளளிப்பையும் பிடித்துக்கொள்வார்கள். திரும்பும் திட்டம் இருந்தால், கனடாவில் வேலை செய்யும் ஆண்டுகளிலேயே கடனைக் குறைத்துவிட்டு விமானம் ஏறுவது புத்தி.

படிப்பை நடுவில் விட்டால்?

எடுத்த அளவுக்குக் கடன் நிற்கும். இங்கிலாந்தில் வரம்புக்கு மேலே உழைத்தால்தான் கட்ட வேண்டும். கனடாவில் விட்ட நாளிலிருந்து ஆறு மாதம் கழித்துத் தவணை தொடங்கும். உழைப்பால் கழிக்கும் ஒப்பந்தத்தில்தான் அடி பலமாக விழும்: பட்டம் இல்லாதவர் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது, தொழில் செய்யாமல் கடன் கழியாது, எனவே முழுத் தொகையும் பணக் கடனாகிவிடும். முதலாம் ஆண்டிலேயே பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் ‘இன்னும் ஒரு வருடம் பார்’ என்று வற்புறுத்தும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் கடன் எங்கள் தலையில் விழுமா?

விழாது. பிரித்தானியா, கனடா ஆகியவற்றின் அரச மாணவர் கடன்களும் அமெரிக்க மத்திய அரசின் கடனும் கடனாளி இறந்தால் நீக்கப்படும். அவுஸ்திரேலியாவிலும் மீதி நீங்கிவிடும். இறப்பதற்கு முந்திய வருமானத்துக்குக் கட்ட வேண்டியிருந்த பங்கை மட்டும் இறந்தவரின் சொத்திலிருந்து எடுப்பார்கள். பெற்றோரிடம் யாரும் கேட்க முடியாது. தனியார் கடனுக்கு இந்தப் பதில் பொருந்தாது.

காலபோக நெல்லை விற்றுப் பிள்ளையின் கடனை விரைவாக அடைத்து உதவலாமா?

மனம் பெரியதுதான், கணக்குச் சரிவராது. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாய். அதே ஆண்டு மே மாதத்தில் 360க்கு மேல். ரூபாயில் உழைத்து வெளிநாட்டு நாணயத்தில் கடன் அடைப்பவர் இப்படியான ஓர் ஆண்டில் பாதி நெல்லை நாணய மாற்றுக்கே இறைப்பார். இங்கிலாந்துக் கடனில் அது இன்னும் வீண், ஏனென்றால் எப்படியும் தள்ளுபடியாகக்கூடிய மீதியை உங்கள் வியர்வையால் கட்டிக்கொண்டிருப்பீர்கள். இரணைமடுத் தண்ணீரில் விளைந்ததை அடுத்த போகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. படிக்கும் காலத்தில் வாழ்க்கைச் செலவுக்காகப் பிள்ளையின் கணக்கில் விழும் கடனில் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். அது சம்பளம் அல்ல. வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே இழுபறியாக இருக்கும். மதில் கட்டும் வேலை இரண்டு வருடம் பொறுத்தால் மதில் ஓடிவிடாது.

இலங்கை அரசின் வட்டியில்லா மாணவர் கடனை எடுத்து வெளிநாட்டில் ஒப்டோமெட்ரி படிக்கலாமா?

முடியாது. 2017இல் தொடங்கிய அந்தத் திட்டம், உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாதவர்கள் நாட்டுக்குள்ளே அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனங்களில், அனுமதிக்கப்பட்ட பட்டங்களைப் படிப்பதற்கு. வட்டியை அரசு ஏற்கிறது, முதலை நீங்கள் கட்ட வேண்டும். வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலும் ஒப்டோமெட்ரி இல்லை. கண் துறைதான் வேண்டும், கடன் வேண்டாம் என்பவர்கள் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையில் சுகாதார அமைச்சு நடத்தும் கண் தொழில்நுட்பவியலாளர் பயிற்சிக்கு விண்ணப்பம் கோரும்போது வர்த்தமானியைக் கவனியுங்கள்.

எந்தக் காகிதங்களைப் பிள்ளையிடம் கேட்டு வாங்கி வைக்க வேண்டும்?

கடன் ஒப்பந்தத்தின் முழுப் பிரதி, கடைசி ஆண்டு மீதிக் கடிதம், கடன் கணக்கு இலக்கம், பிள்ளை நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கும் முகவரி. இதில் முகவரிதான் பலருக்குத் தவறுவது. வீடு மாறிய பிள்ளை அறிவிக்காமல் விட்டால் கடிதங்கள் பழைய வாடகை வீட்டுக்குப் போகும், தவணை தவறியது தெரியாமலே மாதங்கள் ஓடும். ஊருக்கு வரும் பிள்ளை வன்னி வீட்டு முகவரியைக் கொடுத்தால், கிராம அலுவலர் பிரிவையும் பக்கத்துத் தபாலகத்தின் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மீள்குடியேறிய ஒழுங்கைகள் பலவற்றில் வீட்டிலக்கத்தை மட்டும் வைத்துத் தபால்காரர் வீட்டைக் கண்டுபிடிப்பது கடினம்.